ஆயில் குடிக்கிற வண்டிக்கு எந்த ஆயில்?

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு, தறி, தையல் பற்றியெல்லாம் நல்லா பேசினாங்க. நான் பேசப்போறது என்ஜின் ஆயில் பற்றி. அங்க பின்னாடி சிரிக்கிறது கேட்குது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா கடன் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. நம்ம கூட்டமைப்பில் வண்டிக்குக் கடன் வாங்கின வீடு எத்தனை? ஷேர் ஆட்டோ இருக்கு, குட்டி யானை இருக்கு, எக்ஸ்எல் இருக்கு. எல்லாமே செகண்ட் ஹேண்டு. புது வண்டி வாங்க நமக்கு எங்க முடியுது? பழைய வண்டி வாங்கினா அது ஆயில் குடிக்கும். நம்ம தவணை அந்த வண்டி ஓடினாத்தான் வரும்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா என்ஜின் வேலைக்கு 45,000 ரூபாய் கடன் கேட்டு மனு கொடுத்தாங்க. "எதுக்கு அவ்வளவு? கெட்டி ஆயிலா ஊத்தி ஓட்டுங்க, எல்லாரும் அப்படித்தானே ஓட்டறாங்க" என்று சிலர் சொன்னாங்க. மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நேரம் கேட்டு வாங்கினேன். எங்க வீட்டிலயும் அதே வண்டிதான் நிக்குது, அதே மாதிரிதான் ஆயில் குடிக்குது. ஆனா நாங்க கடன் கேட்கலை. அவங்க கேட்டது சரி, நாங்க கேட்காததும் சரி. எப்படின்னு சொல்றேன்.

எங்களது டாடா ஏஸ். 2005-ல் வந்த வண்டி, இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின். நாங்க வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்தது, இப்ப மீட்டர் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியாச்சு. களம்பூர் மில்லுக்கு நெல்லு, சேத்துப்பட்டுக்கு மல்லாட்டை மூட்டை, ஆரணிக்குப் பாவு, ஜமுனாமரத்தூரிலிருந்து சாமை, புளி. ஆடி வெள்ளின்னா படவேடு. ஓட்டறது வீட்டுக்காரர். கணக்கு எழுதறது நான். குழுவில் கணக்கு எழுதிப் பழகின கை சும்மா இருக்குமா? டீசல் எவ்வளவு, ஆயில் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் என்று தனி நோட்டு போட்டேன். அந்த நோட்டுதான் எனக்கு மெக்கானிக் வேலையில பாதியைச் சொல்லிக் கொடுத்தது.

முதல்ல ஒரு விஷயம். ஆயில் குறையுதுன்னா அது ஒழுகுதா, எரியுதா என்று பாருங்க. ராத்திரி வண்டி நிக்கிற இடத்துல, என்ஜினுக்குக் கீழ ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போடுங்க. காலையில அட்டையில சொட்டு இருந்தா ஒழுகுது. கேஸ்கட், சீல் மாத்தினா முடிஞ்சுது, அது சின்னச் செலவு. அட்டை சுத்தமா இருந்து ஆயில் மட்டும் குறைஞ்சா, அது உள்ளே எரியுது. சைலன்சரைப் பார்த்தா நீலப் புகை வரும். கரும்புகை வந்தா அது டீசல் சரியா எரியாத புகை. ஏர் பில்டர் அடைச்சிருக்கும், இல்லன்னா இன்ஜெக்டர், பம்பு வேலை இருக்கும். அதுக்கு ஆயிலைக் குறை சொல்லக் கூடாது. வெள்ளைப் புகை விடாமல் வந்து ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், அதுக்கு வண்டியை நிறுத்திடணும்.

எரியற ஆயில் எந்த வழியா உள்ளே போகுது? இரண்டு வழி முக்கியம். பிஸ்டனைச் சுத்தி ரிங்கு இருக்கு. நம்ம தண்ணி பம்புக்கு வாஷர் இருக்கிற மாதிரி வச்சுக்குங்க. அது தேஞ்சாலோ, கரி பிடிச்சு ஒட்டிக்கிட்டாலோ, கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறி எரியும். இன்னொன்னு மேலே வால்வுக்குப் போட்டிருக்கிற ரப்பர் சீல். வருஷமாக ஆக அந்த ரப்பர் காய்ஞ்சு கெட்டியாகும், அது வழியா ஆயில் கீழே வடியும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து அப்புறம் நின்னுட்டா, சீல் மேல சந்தேகப்படுங்க. லோடு ஏத்தி மேடு ஏறும்போது விடாமல் புகை வந்தா ரிங்கு. ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போது பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன் அடிச்சாலே தெரிஞ்சுக்கலாம்.

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. அதிலிருந்து குப்பு குப்புன்னு புகை தள்ளிக்கிட்டு வந்தா பட்டறையில "பேக் கம்ப்ரஷன் அடிக்குது"ன்னு சொல்லுவாங்க. ரிங்கு, போர் தேஞ்சதுக்கு அது ஒரு அடையாளம். ஆனா அதைப் பார்த்த உடனே என்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீங்க. பிரீதர் பைப் என்று ஒரு சின்னக் குழாய் உண்டு, என்ஜின் உள்ளே சேர்கிற காற்று வெளியே போகிற வழி. அது அழுக்கு அடைச்சிருந்தாலும் ஆயிலைத் தள்ளிவிடும். அந்தக் குழாயைக் கழட்டிச் சுத்தம் பண்ண அரை மணி நேரம் போதும்.

இப்ப டப்பாவைப் பார்ப்போம். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். 20டபிள்யூ-வில் "டபிள்யூ" என்றால் குளிர்காலம். முன்னால இருக்கிற எண், குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும் என்பதற்கு. 15டபிள்யூ-வை மைனஸ் 20 டிகிரியில் வச்சுச் சோதிப்பாங்க. போளூருக்கு மைனஸ் 20 என்றைக்கு வரப்போகுது? மார்கழியில ஜவ்வாது மலை மேலேயே ஒரு போர்வை போதும். அதனால முன் எண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பின்னால இருக்கிற எண்தான் நமக்கு முக்கியம். என்ஜின் சூடான பிறகு, 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும் என்பதை அது சொல்லுது. 30 மெல்லிசு, 40 நடுத்தரம், 50 கெட்டி. சித்திரை வெயில்ல முழு லோடு ஏத்திப் போற வண்டிக்கு அதுதான் வேலை செய்யும்.

ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு 30 போடாதீங்க. புது வண்டிக்கு மைலேஜுக்காகக் கொடுக்கிற மெல்லிசு ஆயில் அது. தேஞ்ச ரிங்கு இடுக்குல சுலபமா ஏறிடும். வண்டிப் புத்தகத்தில் 40 என்று இருந்தா 40-லயே ஆரம்பிங்க. அதுல குடிக்கிறது அதிகமா இருந்தா ஒரு படி மேலே 50-க்குப் போகலாம். அதுக்கு மேல போகக் கூடாது. ரொம்பக் கெட்டி ஆயில் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேலே ஏற நேரம் எடுக்கும். அந்த நேரத்துல மேல இருக்கிற பாகம் ஆயில் இல்லாம உரசும். டீசலும் கூடக் குடிக்கும். பனியாரக் கல்லுக்கு மாவு எடுத்து ஊத்தறோமே, மாவு கெட்டியானா கரண்டியை விட்டு இறங்காது, அந்தக் கதைதான்.

இன்னொரு கூத்து. "கியர் ஆயில் 90 கிரேடு, ரொம்பக் கெட்டி, அதை என்ஜின்ல கொஞ்சம் கலந்து ஊத்து, புகை நின்னுடும்" என்று சொல்ற ஆளு ஊருக்கு ஒருத்தர் இருக்காங்க. கியர் ஆயிலுக்கு அளவுகோல் வேற, என்ஜின் ஆயிலுக்கு அளவுகோல் வேற. கியர் ஆயில்ல 90 என்பது என்ஜின் ஆயில் கணக்குல ஏறக்குறைய 40, 50 கெட்டிதான். படி அளவையும் கிலோ அளவையும் ஒண்ணா வச்சுப் பார்க்கிற மாதிரி. கெட்டியும் கிடைக்காது, அதுல கலந்திருக்கிற மருந்து பல் சக்கரத்துக்கானது, என்ஜினுக்கு ஆகாது.

எண்ணைப் பார்த்த பிறகு எழுத்தைப் பாருங்க. ஏபிஐ என்று போட்டு பக்கத்துல இரண்டு எழுத்து இருக்கும். எஸ்-ல் ஆரம்பிச்சா பெட்ரோல், சி-யில் ஆரம்பிச்சா டீசல். டீசல் என்ஜின்ல கரி அதிகம் சேரும். அந்தக் கரியை ஒட்டவிடாமல் கரைச்சு வச்சுக்கிற மருந்து சி வகையில கூடுதல். அடுத்த எழுத்து மேலே போகப் போகப் புதுசு. சிஎச்-4 பழசு, சிஐ-4 2002-ல் வந்தது, சிஜே-4 2006-ல், சிகே-4 2016-ல். எங்க மாதிரி பழைய டீசல் வண்டிக்கு 15டபிள்யூ-40 சிஐ-4 கடையில சுலபமா கிடைக்குது, விலையும் நடுத்தரம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க மட்டும் நான் சொல்றதைக் கேட்டு வாங்கிடாதீங்க. அந்த வண்டிப் புகைக் குழாயில் கரி வடிகட்டி இருக்கும், சாம்பல் குறைவா விடுற தனி ஆயில்தான் அதுக்குப் போடணும். புத்தகத்தில் என்ன இருக்கோ அதுதான்.

லிட்டர் 900, 1,000 ரூபாய்க்கு முழு சிந்தெடிக் ஆயில் இருக்கு, அது போட்டா புகை நிக்குமான்னு கேட்கிறாங்க. அது நல்ல ஆயில், சூட்டுல ஆவியாகிறது குறைவு. ஆனா தேஞ்ச ரிங்கு விலை பார்த்து எரிக்காது. 400 ரூபாய் ஆயிலையும் எரிக்கும், 1,000 ரூபாய் ஆயிலையும் எரிக்கும். ஆயில் குடிக்கிற வண்டிக்கு நடுத்தர விலை ஆயிலை நேரத்துக்கு மாத்தறதுதான் என் கணக்கு. வெளிநாட்டில் 75,000 மைல், அதாவது 1,20,000 கிலோமீட்டர் தாண்டின வண்டிக்கென்றே ஆயில் விக்கறாங்களாம். காய்ஞ்ச ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊறவச்சு மெதுவாக்குற மருந்து அதுல இருக்கும். சீல் கசிவு இருந்தா அது உதவும். தேஞ்சு போன இரும்பை எந்த மருந்தும் வளர்க்காது.

ஒட்டிக்கிட்ட ரிங்கு வேற, தேஞ்ச ரிங்கு வேற. கரி பிடிச்சு ஒட்டின ரிங்கா இருந்தா, நல்ல ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமா இரண்டு மூணு தடவை மாத்தினா கரி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு ரிங்கு விடுபட வாய்ப்பு உண்டு. எங்க வண்டியில அதைத்தான் செஞ்சோம். என் நோட்டில் இருக்கிறதைப் படிக்கிறேன். ஆரம்பத்துல 1,000 கிலோமீட்டருக்கு 700 மில்லி குடிச்சுது. பிரீதர் சுத்தம் பண்ணி, 15டபிள்யூ-40 சிஐ-4 ஊத்தி, பாதி நாள்லயே பில்டரோட இரண்டு தடவை மாத்தினோம். 500 மில்லிக்கு வந்தது. அப்புறம் டீசலுக்கான 20டபிள்யூ-50 போட்டோம், 400-ல் நிக்குது. அதுக்குக் கீழே இறங்கலை.

"தினமும் புது ஆயில் ஊத்திக்கிட்டேதானே இருக்கோம், அப்புறம் எதுக்கு மாத்தணும்?" இந்தக் கேள்வியை நானே பத்துப் பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஆயில் எரியும், அதுல இருக்கிற கரியும் இரும்புத் தூளும் எரியாது, கீழேயே தங்கும். குழம்பு குறையக் குறையத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா பழைய குழம்பு புதுக் குழம்பாகிடுமா? பில்டரும் ஒண்ணு இருக்கு, அது தானா மாறாது.

அளவு பார்க்கிறது முக்கியம். எவ்வளவு நல்ல ஆயில் வாங்கினாலும் அளவு குறைஞ்சு ஓடினா ஒரே நாள்ல என்ஜின் சீஸ் ஆகிடும். வண்டி சமதளத்தில் நிக்கணும். என்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் விடுங்க. டிப்ஸ்டிக்கை உருவித் துணியில துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்க. இரண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். மேல் கோட்டைத் தாண்டி ஊத்தறது "கூட இருந்தா நல்லதுதானே" என்கிற புத்தி. அது நல்லதில்லை. கூடுதல் ஆயில் நுரைச்சு மேலே ஏறி இன்னும் அதிகமா எரியும். டீசல் என்ஜின் ரொம்பத் தேஞ்சிருந்தா அந்த ஆயிலையே டீசலா எரிச்சுக்கிட்டு சாவியை எடுத்த பிறகும் நிக்காம ஓடும் ஆபத்துகூட உண்டு. டீசல் வண்டியில ஆயில் கறுப்பா இருந்தா பயப்படாதீங்க, ஊத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். டீ மாதிரி பால் கலர்ல இருந்தா மட்டும் தண்ணி கலந்திருக்கு, ஸ்டார்ட் பண்ணவே கூடாது. வழியில அளவு குறைஞ்சு, நம்ம கம்பெனி ஆயில் அந்த ஊர்ல கிடைக்கலன்னா வேற கம்பெனி ஆயில் அதே எண்ணுல வாங்கி ஊத்துங்க. இரண்டு கம்பெனி கலந்தா கெட்டுப்போகும் என்று காயவிட்டு ஓட்டறதுதான் என்ஜினைக் கொல்றது.

எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில டிப்ஸ்டிக் பார்க்கிறது என் வேலை. கோலம் போட்டு முடிச்ச கையோட பார்த்துடுவேன்.

இரு சக்கர வண்டிக்காரங்களுக்கும் சொல்லிடறேன். பழைய எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக். அது பெட்ரோல்ல 2டி ஆயில் கலந்து எரிக்கிற வண்டி, ஆயில் எரியறது அதுக்கு நோய் இல்லை, பிறவி. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதுல நீலப் புகை வந்தா நோய்தான். கியர் பைக்குல கிளட்ச் என்ஜின் ஆயில்லயே நனைஞ்சு கிடக்கும். அதுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கணும். கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் வழுக்கும். ஸ்கூட்டிக்கு எம்பி. ஆட்டோ வச்சிருக்கிறவங்க அந்த ஆட்டோ புத்தகத்தைப் பார்த்து வாங்குங்க, கார் டப்பா மலிவா கிடைக்குதேன்னு எடுக்காதீங்க.

லூஸ் ஆயில் வாங்காதீங்க. பழைய ஆயிலை வடிகட்டி நிறம் மாத்தி விக்கிறவங்களும் இருக்காங்க. சீல் உடையாத டப்பா, பில்லோட வாங்குங்க. காலி டப்பாவைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது கத்தியால ஒரு கீறு கீறிப் போடுங்க. முழு டப்பாவா போனா அதுல என்னத்தையோ ஊத்தி திரும்ப நம்ம கைக்கே வரும். கழிவு ஆயிலைக் கால்வாயிலும் கிணத்தோரத்திலும் ஊத்தாதீங்க, பட்டறையிலேயே கொடுத்துடுங்க. மாட்டுப் புண்ணுக்குத் தடவற பழக்கத்தையும் விட்டுடுங்க அக்கா, அது விஷம்.

இப்ப கடன் கணக்குக்கு வர்றேன். எங்க வண்டி மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடும். 1,000-க்கு 400 மில்லி என்றால் மாசம் 600 மில்லி. லிட்டர் 400 ரூபாய்னு வச்சா 240 ரூபாய். என்ஜின் வேலைக்கு எங்க மெக்கானிக் அண்ணன் சொன்னது 45,000. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில 24 மாசத் தவணை போட்டா, முதல் மாசம் அசல் 1,875, வட்டி 450, ஆக 2,325. மாசம் 240 ரூபாய் ஆயில் செலவை நிறுத்த மாசம் 2,325 கட்டுவோமா? அதனால நாங்க கேட்கலை.

ஆனா கணக்கு அங்க நிக்காது. என்ஜின் தேயத் தேய இழுவை குறையும், டீசல் கூடும். எங்க வண்டி லிட்டருக்கு 18 கொடுத்தது, இப்ப 17. அது 14-க்கு வந்தா என்ன ஆகும்? 1,500 கிலோமீட்டருக்கு 83 லிட்டர் போட்ட இடத்துல 107 லிட்டர் போடணும். 24 லிட்டர் கூட, 2,200 ரூபாய் பக்கம். அப்ப ஆயிலும் டீசலும் சேர்ந்து தவணையை எட்டிடும், அன்னைக்கு என்ஜினை இறக்கறதுதான் லாபம். எல்லாரும் ஆயில் டப்பாவையே பார்க்கிறாங்க. நஷ்டம் டீசல் டேங்குல போகுது. இது நோட்டு போட்டாத்தான் தெரியும். எட்டு வருஷம் தாண்டின வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி வேற காட்டணும், புகையோட போனா பாஸ் ஆகாது. அதனால அந்த நாளுக்காக நாங்க குழுச் சேமிப்பு போக மாசம் ஆயிரம் ரூபாய் தனியா போட்டு வைக்கிறோம்.

மனு கொடுத்த அக்கா வண்டி நிலைமை வேற. அவங்க அனுமதியோடதான் சொல்றேன். அது 300 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்குது. 50 ஆயில் போட்டுப் பார்த்தாச்சு, பிரீதர் சுத்தம் பண்ணியாச்சு, ஆயில் மூடியைத் திறந்தா புகை முகத்துல அடிக்குது. லிட்டருக்கு 13-தான் கொடுக்குது. ஜமுனாமரத்தூர் லோடு ஏத்த முடியாம இரண்டு மாசமா அந்த வாடகையே வேற வண்டிக்குப் போயிடுச்சு. அவங்க வீட்டுக்காரர் இறந்த பிறகு மகன்தான் ஓட்டறான், அந்த ஒரு வண்டிதான் வருமானம். அவங்களும் மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டறாங்க. ஆயிலுக்கு மட்டும் அஞ்சு லிட்டர், 2,000 ரூபாய். டீசல் 115 லிட்டர், எங்க 18 கணக்கைவிட 32 லிட்டர் கூட. இரண்டையும் கூட்டுங்க. மாசம் 4,900 ரூபாய் புகையா போகுது. நம்ம தவணை 2,325. கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டுங்கன்னு அவங்ககிட்ட சொல்றது, இடிஞ்ச சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்ற மாதிரி.

கடன் கொடுத்தா பட்டறையிலும் ஒரு நிபந்தனை வைக்கணும் என்பது என் அபிப்பிராயம். ஹெட்டைக் கழட்டி, போரை அளந்து, என்ன அளவு தேஞ்சிருக்குன்னு எழுத்துல வாங்கணும். ரிங்கு மட்டும் போதுமா, போர் வேலை வரைக்கும் போகணுமா என்று அளந்த பிறகுதான் தெரியும். மாத்தின பழைய பிஸ்டன், ரிங்கைக் கையில கேட்டு வாங்கிப் பார்க்கணும். புது ரிங்கு போட்ட பிறகு முதல் ஆயிலைச் சீக்கிரம் மாத்தணும், அந்தச் செலவையும் கடன் தொகையிலயே சேர்த்துக் கொடுங்க. அதை விட்டுட்டா செஞ்ச வேலை வீணாகிடும்.

அவங்க மனு தீர்மான நோட்டில் அப்படியே இருக்கு. வர்ற கூட்டத்துல எடுக்கப் போறோம். அன்னைக்கு எல்லா ஊர்ப் பிரதிநிதிகளும் வரணும் என்று கேட்டுக்கிறேன்.

டிப்ஸ்டிக் பார்த்துப் பழகாதவங்க சாப்பாடு முடிஞ்சதும் மண்டபத்துக்கு வெளியே வாங்க. எங்க வண்டி வேப்பமரத்தடியில நிக்குது. துணி கொண்டு வந்திருக்கேன்.